பூவா தலையா: தொடர்ந்து இருபது தோல்வி

வணக்கம். எல்லோரும் எழுந்து நின்று ஆளுக்கொரு காசை எடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசியிலேயே பணம் கட்டிப் பழகியவர்கள் பக்கத்தில் கடன் வாங்கலாம். சுண்டுங்கள். தலை விழுந்தவர்கள் நில்லுங்கள், பூ விழுந்தவர்கள் உட்காருங்கள்.

(ஏழு சுற்று நடந்தது. 130 பேரில் மூன்றாவது வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் மிஞ்சினார்.)

ஐயா, ஏழு தடவையும் தலை எப்படி விழுந்தது? “நகத்தால சுண்டணும் தம்பி” என்கிறார். கைதட்டுங்கள்! அவருக்கு அப்படி விழ வாய்ப்பு 128ல் ஒன்றுதான். ஆனால் 130 பேர் சுண்டும்போது, கடைசியில் ஒருவராவது நிற்பதற்கு வாய்ப்பு 64 சதவீதம். நகத்தைப் பற்றி அவர் சொன்னது முடிவு தெரிந்த பிறகு. எனக்குள்ள வருத்தம் அது ஒன்றுதான்.

இப்போது கிரிக்கெட். 2023 நவம்பர் 19, அகமதாபாத் உலகக்கோப்பை இறுதிப் போட்டி. டாஸில் இந்தியா தோற்றது. அதிலிருந்து 2025 மார்ச் 9 துபாய் சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி வரை ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து 15 டாஸ் போச்சு. கேப்டன்களில் ரோகித் 12, ராகுல் 3. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் 32,768. அதில் ஒன்றுதான் வாய்ப்பு என்று பலரும் கணக்குப் போட்டார்கள். பெருக்கல் சரி, கேள்விதான் தப்பு. “இந்த 15 டாஸில்” என்று யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அதுவரை 4,800க்கு மேல் ஒருநாள் ஆட்டங்கள். ஆட்டத்துக்கு இரண்டு அணி என்றால் 9,600 இடங்களில் இப்படி ஒரு தொடர் ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பிக்க முதலில் ஒரு வெற்றி, அப்புறம் 15 தோல்வி. ஆக ஒவ்வோர் இடத்திலும் 65,536ல் ஒன்று. கூட்டிப் பார்த்தால், கிரிக்கெட் வரலாற்றில் யாராவது ஓர் அணிக்கு இது நேர வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்று. அவ்வளவுதான் அதிசயம்.

சரி, ஒழுங்காகச் சோதிப்பது எப்படி? 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஒரு பெண்மணி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரையா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். அங்கே வேலை பார்த்த புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் எட்டுக் கோப்பை வைத்தார். நான்கில் பால் முதல், நான்கில் தேநீர் முதல். வெறும் குருட்டு யூகத்தில் எட்டும் சரியாக வர வாய்ப்பு 70ல் ஒன்று. சவால் முதலில் வந்தது, கோப்பைகள் அப்புறம். அவருக்குத் திறமை இல்லை என்று வைத்துக்கொண்டே சோதனை தொடங்கும். அதற்குப் பெயர் இன்மைக் கருதுகோள். திறமை இல்லாமலே இப்படி நடக்க வாய்ப்பு 20ல் ஒன்றுக்குக் கீழே போனால் அந்தக் கருதுகோளைத் தள்ளிவிடலாம் என்பது வழக்கம். அந்த இருபது இயற்கை விதி ஒன்றுமில்லை, வசதிக்கு வைத்துக்கொண்டது.

இந்த முறைப்படி, 2025 மார்ச்சிலேயே ஒருவர் “இந்தியாவுக்கு டாஸ் ராசியில்லை, அடுத்த ஐந்தையும் பாருங்கள்” என்று எழுதி வைத்திருந்தால்? ஆஸ்திரேலியாவில் கில் மூன்றும் தோற்றார். ராஞ்சியிலும் ராய்ப்பூரிலும் ராகுல் தோற்றார். ஐந்தும் போச்சு! வாய்ப்பு 32ல் ஒன்று. எல்லைக்குக் கீழே. விதிப்படி “ராசியில்லை” நிரூபணம்!

நீங்கள் சிரிப்பது நியாயம்தான். மூன்று கேப்டன்கள், வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு நாணயங்கள். எந்த வழியில் ராசி வேலை செய்யும்? ஆனால் அந்த எல்லையின் விலையே இதுதான். எல்லாக் காசும் நேர்மையாக இருந்தாலும் சராசரியாக இருபது சோதனையில் ஒன்று, இல்லாததை இருக்கிறது என்று பொய் மணி அடிக்கும். மருந்துச் சோதனையிலும் அடிக்கும். அங்கே யாரும் சிரிப்பதில்லை.

2025 டிசம்பர் 6, விசாகப்பட்டினம். ராகுல் இடது கையால் சுண்டினார், டாஸ் கிடைத்துவிட்டது. உடனே இடது கை ராசி என்று பேச்சு. எத்தனை தடவை பார்த்தோம்? ஒரு தடவை. வலது கையால் சுண்டியிருந்தாலும் வாய்ப்பு பாதிதான்.

ஐயா, நகக் கருதுகோளை இப்போது எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டீர்கள். இனி எண்ணலாம். சுண்டுங்கள்.

(முதலாவது தலை. இரண்டாவது பூ.)