ஆர்தர் வாய் திறக்காத கதைகள்

போன கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். "ஆர்தர் கதையை ஆளாளுக்கு மாற்றி எழுதுகிறார்களே, அசல் கெட்டுப்போகாதா?" அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிட்டேன். இன்றைக்குத் தப்பிக்க முடியாது, முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆர்தர் என்றால் பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் அரசர். அவர் கதையில் அசல் எது? 9ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய ஒரு பழைய வரலாற்று நூலில் ஆர்தர் அரசர்கூட இல்லை. பிரிட்டனுக்குள் படையெடுத்து வந்த சாக்சன்களோடு 12 போர் நடத்திய தளபதி, அவ்வளவுதான். அதில் ஒரே பாய்ச்சலில் 960 பேரைத் தனியாளாகச் சாய்த்தாராம், யார் நின்று எண்ணினார்களோ! ஆர்தரின் வீரர்கள் சுற்றி உட்காரும் வட்ட மேசை 1155இல் வாஸ் என்ற கவிஞர் போட்டது. ஆர்தரின் வீரர் லான்சலாட்டுக்கும் ஆர்தரின் மனைவி அரசி குவினிவியருக்கும் காதல் என்பது அதற்கும் பிறகு ஒரு பிரெஞ்சுக் கவிஞர் சேர்த்தது. மாலரி என்ற ஆங்கில எழுத்தாளர் சிறையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கோத்துக் கொடுக்க, கேக்ஸ்டன் என்ற அச்சகர் 1485இல் அச்சடித்தார். அதாவது நாம் அசல் என்று நினைப்பதே மறுகூறல்தான்.

சரி, நவீன நாவல்களுக்கு வருவோம். இவற்றில் எனக்குப் பிடித்த விஷயம், ஆர்தரைப் பெரும்பாலும் பேச விடுவதில்லை என்பது. ரோஸ்மேரி சட்க்ளிஃப் 1963இல் ஆர்தரையே கதைசொல்லியாக்கினார், நல்ல நாவல்தான், ஆனால் அது விதிவிலக்கு. மேரி ஸ்டூவர்ட் 1970இல் தொடங்கிய வரிசையில் ஆர்தரின் மந்திரவாதி மெர்லின் பேசுகிறார். மரியன் சிம்மர் பிராட்லியின் 1983 நாவலில், அதுவரை சூனியக்காரி என்று ஓரங்கட்டப்பட்ட ஆர்தரின் சகோதரி மோர்கெய்ன் பேசுகிறாள், அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் கிறிஸ்தவம் வந்ததும் பழைய பெண் தெய்வத்தின் தீவு மூடுபனிக்குள் விலகிப்போன கதை அது. கொஞ்சம் நீளம், பொறுமை வேண்டும்.

என்னைக் கேட்டால் பெர்னார்ட் கார்ன்வெல்லைத்தான் கையில் கொடுப்பேன். 1995இல் வெளிவந்த 'தி விண்டர் கிங்', அப்புறம் இன்னும் இரண்டு பாகம். கதை சொல்பவர் டெர்ஃபெல், ஒரு கை போன கிழட்டுத் துறவி, ஒரு காலத்தில் ஆர்தரின் போர்வீரர். பிறப்பால் சாக்சன், வளர்ந்தது ஆர்தரின் மக்களான பிரிட்டன்களிடம். மடத்துத் தலைவர் சான்சமுக்கு ஆர்தர் பெயரே ஆகாது. அதனால் டெர்ஃபெல், சுவிசேஷத்தைச் சாக்சன் மொழியில் பெயர்க்கிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே ஆர்தர் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதச் சொன்னவள் இளம் அரசி இக்ரெய்ன். அவள் அவ்வப்போது வந்து படித்துவிட்டு முகம் சுளிக்கிறாள், பாணர்கள் பாடியது இப்படி இல்லையே, லான்சலாட் அழகான மாவீரர் இல்லையா என்று. டெர்ஃபெல்லின் பதில்: இல்லையம்மா, அவன் கோழை, பாணர்களுக்குக் காசு கொடுத்துத் தன் புகழைப் பாட வைத்தான். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஏனென்றால் எண்ணூறு வருஷமாக நம்மிடம் வந்துசேர்ந்த லான்சலாட் அந்தக் காசுக்குப் பாடிய பாட்டுதான் என்று எழுத்தாளர் நைசாகச் சொல்லிவிடுகிறார். இக்ரெய்னோ, டெர்ஃபெல் சாக்சன் மொழியில் எழுதியதைத் தன் ஆள் பிரிட்டன்களின் மொழியில் பெயர்க்கும்போது கொஞ்சம் மாற்றிக்கொள்ளத் தயங்க மாட்டாள் என்று டெர்ஃபெல்லுக்கே பயம். நண்பரே, உங்கள் கேள்வி அந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறது!

கஸுவோ இஷிகுரோ தன் 2015 நாவலில் இன்னும் விலகிப் போய்விட்டார். ஆர்தர் செத்து வருஷங்களாகிவிட்டன. ஊரெல்லாம் மூடுபனி, யாருக்கும் நேற்று நடந்தது ஞாபகமில்லை. ஒரு வயதான தம்பதி மகனைத் தேடி நடக்கிறார்கள், அவர்களுக்கு மகன் முகம்கூட மறந்துவிட்டது. (இன்னும் படிக்காதவர்கள் இரண்டு நிமிஷம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.) அந்த மறதி ஒரு பெண் டிராகனின் மூச்சு. ஆர்தரின் ஆட்கள் சாக்சன் ஊர்களில் குழந்தைகளைக்கூட விடாமல் வெட்டியதை இரண்டு பக்கமும் மறந்தால்தான் அமைதி நிற்கும் என்று மெர்லின் போட்ட மந்திரம் அது. டிராகனைக் கொல்லக் கிளம்பியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிற கிழட்டு வீரர் கவேன், உண்மையில் அதற்குக் காவல். துருப்பிடித்த கவசமும் ஹோரஸ் என்ற கிழக் குதிரையுமாக அந்த மனிதர் நாவலில் இரண்டு இடத்தில் தனியாகப் பேசுகிறார், இரண்டிலும் செத்துப்போன தன் மாமா ஆர்தருக்காக வாதாடிக்கொண்டே இருக்கிறார், எதிரில் யாருமே இல்லை.