இரண்டாவது கியர் விழாத காலை

வணக்கம். கார் கியரைப் பற்றிப் பேச வானொலி நிலையத்துக்குப் போகிறேன் என்றதும், அதில் பேச என்ன இருக்கிறது, காலால் மிதித்துக் கையால் தள்ளுவதுதானே என்று வீட்டில் சிரித்தார்கள். அந்தத் தள்ளுகிற வேலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

என்னிடம் 1992ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா ஒன்று இருக்கிறது. வேறு நாடுகளில் எம்எக்ஸ்-5 என்பார்கள். ஹிரோஷிமாவில் செய்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய அந்தக் குட்டி இரண்டு இருக்கைக் கார். எஞ்சின் 1.6 லிட்டர்தான், குதிரைத்திறன் 116, டொராண்டோவில் 401 நெடுஞ்சாலையில் ஏறினால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற மினிவேன்கூட என்னை முந்திவிடும். அப்புறம் ஏன் அதை வைத்திருக்கிறேன் என்றால், கியர் மாற்றுகிற சுகத்துக்காக. அதன் கியர் லிவர் நேரே கியர்பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரம் இழுக்கிற பல கார்களில் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே நீளமாகக் கேபிள் ஓடும், ரப்பர் புஷ் இருக்கும், கை ஒன்று சொன்னால் அது சுற்றிவளைத்துப் போய்ச் சேரும். இதில் அந்த இடைத்தரகர் யாரும் கிடையாது. லிவரைத் தள்ளினால் உள்ளே பல் போய்ச் சேருகிற இடம் உள்ளங்கையில் தெரியும்.

நான் வாங்கிய வண்டியில் அந்தச் சுகம் இல்லை. ஏப்ரல் மாதக் காலை, பனி கரைந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுக்கிறேன், சுவரில் மோதின மாதிரி நிற்கிறது. அழுத்தினால் கிர்ரென்று ஒரு சத்தம். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடானால் சரியாகிவிடும், ஆனால் லிவர் மட்டும் சோற்றுப் பானைக்குள் அகப்பையை விட்டுக் கிண்டுகிற மாதிரிதான் இருக்கும்.

கேட்ட எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: ஷார்ட் ஷிஃப்டர் போடு. லிவர் நகர்கிற தூரத்தைக் குறைக்கிற சாமான் அது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, காரணம் சின்னக் கணக்குத்தான். லிவர் என்பது நெம்புகோல். கை நகர்கிற தூரத்தை முப்பது சதவீதம் குறைத்தால், கை கொடுக்க வேண்டிய விசை நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடும். ஏற்கெனவே விழ மறுக்கிற கியரை இன்னும் பலமாகக் குத்தித் தள்ளுவதற்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுப்பானேன்? அந்தக் கூடுதல் விசையை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கிற சிங்க்ரோ வளையங்கள். இரண்டு பல்சக்கரமும் ஒரே வேகத்துக்கு வரும்வரை உரசி உரசிப் பிடித்துக்கொடுக்கிற பித்தளை வளையங்கள் அவை. தேய்ந்துவிட்டால் கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும்.

அதனால் ஒரு சனிக்கிழமை லிவரைச் சுற்றியிருக்கிற கன்சோலைக் கழற்றினேன். மேலே இருக்கிற ரப்பர் உறை, பூட் என்பார்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு சின்னப் பூட் உண்டு, அது நடுவில் கிழிந்து தொங்குகிறது. கோடையில் கால் பக்கம் ஏன் அப்படிச் சூடு அடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. மூன்று போல்ட்டைக் கழற்றி லிவரை மேலே தூக்கினேன். அதன் உருண்டை நுனி உட்கார்ந்திருக்கிற குழிக்குத் தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு. நூறு மில்லிகூட வராது, ஆனால் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஆயில் தானாக அங்கே வந்து சேராது என்பதால் முப்பது வருடமாக யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை போல. என் வண்டியில் அடியில் கறுப்பாகக் கூழ் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். நுனியில் மாட்டுகிற நைலான் கிண்ணம் விரலால் தொட்டதும் இரண்டாக உடைந்து கையோடு வந்தது. லிவர் ஆடினதற்கு அதுதான் காரணம். நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால் உடைந்த துண்டுகளை எண்ணிப் பாருங்கள், ஒன்று உள்ளே விழுந்தால் வம்பு. பழையதை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, துடைத்து, புதுக் கிண்ணம், புதுப் பூட் இரண்டும், புது ஆயில். மொத்தச் செலவு ஷார்ட் ஷிஃப்டர் விலையில் கால்வாசிகூட இல்லை.

லிவரின் ஆட்டம் நின்றுவிட்டது, ஆனால் காலைக் குளிரில் இரண்டாவது கியர் இன்னும் முரண்டு பிடித்தது. அது வேறு கதை. முன்பு ஒரு கராஜில் கியர் ஆயில் மாற்றிக் கொடுத்திருந்தார்கள், ரசீதை எடுத்துப் பார்த்தால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கிற டிஃபரென்ஷியலுக்கு ஊற்றுகிற ஜிஎல்-5 வகை ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் 90 என்று எண் போட்ட கெட்டியான ஆயில். நல்ல ஆயில்தானே என்று கேட்பீர்கள். சிங்க்ரோ வளையம் உரசினால்தான் அதற்கு வேலை, அளவுக்கு மீறி வழுக்கினால் பிடிக்காது, குளிரில் கெட்டியாகிவிட்டாலும் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு அதனால் பிடிக்க முடியாது. போதாததற்கு ஜிஎல்-5 வகையில் சேர்க்கிற சில கந்தகச் சேர்மங்கள் பித்தளைக்கு ஆகாது. ஜிஎல்-4 வகையில், குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 75டபிள்யூ-90 சிந்தெட்டிக் ஆயில் இரண்டு லிட்டர் வாங்கி மாற்றினேன். ஒன்று மறக்காதீர்கள்: முதலில் மேலே ஊற்றுகிற போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள், அது வந்தபிறகு அடிப்போல்ட்டைத் திறங்கள். எல்லாவற்றையும் வடித்துவிட்டு மேல் போல்ட் துருப்பிடித்து வராமல் முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிளட்சையும் பார்க்க வேண்டும். மிதித்ததும் கிளட்ச் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முழுசாகப் பிரிக்கவில்லை என்றால் எந்த ஆயிலும் காப்பாற்றாது. நின்றுகொண்டே ரிவர்ஸ் போடும்போது கறமுற என்றால் முதலில் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். இந்த வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கிற கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது மிதிக்கிற விசையைத் திரவம் வழியாக வாங்கிக் கிளட்சை விலக்குகிற சாமான், கசிவது சகஜம். என்னுடையதில் திரவம் காப்பி நிறத்தில் இருந்தது, அதை மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றியதோடு சரியாகிவிட்டது.

லிவரின் தலையில் கை பிடிக்கிற இடத்துக்குக் கனமான குமிழ் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போடலாம், அதில் எனக்கும் ஆசை உண்டு. குமிழ் கனமாக இருந்தால் லிவர் ஒரு வேகத்தோடு போகும், சிங்க்ரோவின் சின்னத் தடங்கல் கைக்குத் தெரியாது. ஆனால் தடங்கலை அது மறைக்கிறது, தீர்க்கவில்லை. மற்றதெல்லாம் செய்துவிட்டுக் கடைசியாகப் போடுங்கள். இரும்புக் குமிழாக இருந்தால் கோடையில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து தொட்டுப் பார்க்கவும் வேண்டும், எனக்கு ஒரு தடவை உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது.

போன வாரம் வெளியே மூன்று டிகிரி. வண்டியை எடுத்து முதல் தெரு முனையில் இரண்டாவதுக்கு இழுத்தேன். கொஞ்சம் யோசித்தது, அப்புறம் டக்கென்று விழுந்தது. பக்கத்தில் இருந்த மகள் கைபேசியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை, நான்தான் வீணாக முதலுக்கு இறக்கித் திரும்பவும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.