மேகமே இல்லாத வானத்துல ரேடார் எதைத் தேடுது?

மழை இல்ல, மேகம் இல்ல, ஒரு காக்கா கூட இல்ல. அந்த வெறும் வானத்தைப் பார்த்து, உச்சத்துல லட்சக்கணக்கான வாட் வர்ற ரேடியோ அலையை விட்டு விட்டு அனுப்புறாங்க. பதில் வருது!

இடம், திருப்பதி பக்கத்துல காதங்கி. பேரு எம்எஸ்டி ரேடார் (மீசோஸ்பியர், ஸ்ட்ராடோஸ்பியர், ட்ரோபோஸ்பியர்னு காத்து மண்டலத்தோட மூணு அடுக்கு), 1990களோட தொடக்கத்துல வந்தது. வரலாறு போதும், விஷயத்துக்கு வாங்க.

அடுப்புல தோசைக்கல் காய்ஞ்சதும் பின்னாடி சுவர் நெளியிற மாதிரி தெரியும்ல? சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் கலக்குது, வெளிச்சம் வளையுது. வானத்துலயும் இதே கலாட்டாதான். அதுல பட்டுத்தான் துளியூண்டு அலை திரும்பி வருது.

[காட்சி: ஆன்டெனா வயல்]

இதைப் பார்த்ததும் நான் சிரிச்சுட்டேன். மொட்டை மாடியில தூர்தர்ஷனுக்குக் கட்டின யாகி ஆன்டெனாவேதான்! யாகிங்கிறது அதை உருவாக்கினவர் பேரு; அவர்கூட உழைச்ச உடா பேரை ஊரே மறந்துருச்சு, பாவம். அது மாதிரி 1024, 130 மீட்டருக்கு 130 மீட்டர் இடத்துல, எல்லாம் வானத்தைப் பார்த்து. அப்பா மாடியில ஏறித் திருப்புவார், கீழ இருந்து நாம "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு!" இங்க 1024-ஐயும் யாரு ஏறித் திருப்புறது? யாரும் வேண்டாம். ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை ஒரு நொடிக்கும் ரொம்பக் கம்மியான நேரம் தாமதமா அலையை விட்டா, மொத்தக் கற்றையும் சாயும். ஆன்டெனா அசையவே இல்ல!

ஏன் சாய்க்கணும்? நேர் மேல பார்த்தா காத்து ஏறுதா இறங்குதான்னு மட்டும்தான் தெரியும். 10 டிகிரி சாய்ச்சாத்தான் பக்கவாட்டு ஓட்டமும் மாட்டும்.

தென்மேற்குப் பருவத்துல கீழ காத்து மேற்குல இருந்து வரும். சுமார் 16 கி.மீ. மேல, நேர் எதிரா, கிழக்குல இருந்து சீறும். 1958-லயே வானிலை விஞ்ஞானி கோடீஸ்வரம் இதைப் பத்தி எழுதிட்டார். அந்தக் காத்து மணிக்கு 144 கி.மீ. வேகம்னு வெச்சுக்கங்க. போன அலை நொடிக்கு 5 கோடியே 30 லட்சம் தடவை அதிருது. காத்து நகர்றதால, அந்த 10 டிகிரி சாய்ஞ்ச கற்றையில திரும்பி வர்ற அதிர்வுல வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் இரண்டரை. லட்சம் இல்லங்க, வெறும் இரண்டரை! அதைப் பிடிச்சுத்தான் வேகத்தைச் சொல்றாங்க.

60 கி.மீ.க்கு மேல பார்க்கணும்னா பகல்ல மட்டும்தான், அங்க சூரியன் டியூட்டியில இருக்கணும்.

உங்க வீட்டு மாடியில அந்தப் பழைய ஆன்டெனா கம்பம் இன்னும் நிக்குதா, இல்ல அதுல துணிக்கொடி கட்டியாச்சா? கமெண்ட்ல சொல்லுங்க.