ஒரு 'சரி'யிலிருந்து எஃப்எம் வரை: மாடுலேஷன் என்றால் என்ன?

(திரையில் மைக் மட்டும்.)

சரி. ச...ரி. சரீ?

எழுதினால் ஒரே சொல்தான். காதில் விழும்போது முதலாவது சம்மதம், அடுத்தது சலிப்பு, மூன்றாவது "அப்புறம் என்ன ஆச்சு?". டப்பிங்கில் "மாடுலேஷன் பத்தல, இன்னொரு டேக் போகலாம்" என்பார்களே, அது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

(ரேடியோ, பக்கத்தில் மிக்சி.)

ரேடியோவில் இது அழகுக்காக இல்லை, வேறு வழியில்லாமல் செய்வது. பேச்சை அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையாக அனுப்பினால் என்ன? 1,000 ஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 300 கிலோமீட்டர். அதில் கால் பங்கு ஆன்டெனா வைத்தாலே 75 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கம்பி இழுக்க வேண்டும்! 100 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ 75 சென்டிமீட்டர் போதும். அதனால் வேகமாகத் துடிக்கும் அலையை வண்டியாக்கி, பேச்சை அதில் ஏற்றுகிறார்கள். பாடப்புத்தகத்தில் வண்டிக்குப் பெயர் ஊர்தி அலை, ஏற்றும் வேலைக்குப் பெயர் பண்பேற்றம், அதாவது மாடுலேஷன்.

பேச்சுக்கேற்ப அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் ஏஎம் (ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன்). உயரத்தைத் தொடாமல் துடிப்பின் வேகத்தை மாற்றினால் எஃப்எம் (ஃப்ரீக்வென்சி மாடுலேஷன்). மிக்சியைப் போட்டதும் மீடியம் வேவ் ரேடியோ கரகரக்கும், நினைவிருக்கிறதா? மோட்டாரின் தீப்பொறி பெரும்பாலும் அலையின் உயரத்தில்தான் கைவைக்கிறது. ஏஎம் ரேடியோ அதையும் நிகழ்ச்சி என்று நம்பி ஒலிபரப்பிவிடும். எஃப்எம் ரேடியோவிலோ லிமிட்டர் என்ற பகுதி உயரத்தை ஒரே மட்டமாக வெட்டிவிடும். 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் எஃப்எம்முக்குக் காப்புரிமை வாங்கியதே இந்த இரைச்சலோடு மல்லுக்கட்டித்தான்.

வீட்டு மூலையில் மின்னும் மோடம்? மாடுலேட்டர், டிமாடுலேட்டர் இரண்டையும் சுருக்கி ஒட்டிய பெயர்.

(கீபோர்டு.)

இசைக்கு வந்தால் கதை வேறு. மேற்கத்திய இசையில் மாடுலேஷன் என்பது பாட்டின் நடுவே ஆதார ஸ்வரமே இடம் மாறுவது. சி மேஜரில் போய்க்கொண்டிருந்த பாட்டு ஜி மேஜரில் போய் உட்காரும். எதன் மேலும் எதுவும் ஏறவில்லை, தரையே நகர்கிறது. என்னைக் கேட்டால், ரேடியோவுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

நம் கர்நாடக இசையில் தம்புரா சுருதி அசையாது. ஆனால் கிரகபேதம் உண்டு: ராகத்தின் வேறொரு ஸ்வரத்தை ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக, வைத்துப் பாடுவது. மோகன ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க'வை, ஸட்ஜமாக நினைத்துக்கொண்டு அதே ஐந்து ஸ்வரங்களைப் பாடுங்கள்.

(சி, டி, ஈ, ஜி, ஏ. விரல் ஈ-யில் தொடங்குகிறது.)

ஹிந்தோள ராகம்! ஒரு கட்டைகூட மாறவில்லை. பாடகர் இதில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மோகனத்துக்குத் திரும்பிவிடுவார். தம்புரா அதுவரை பழைய ஸட்ஜத்தையே மீட்டிக்கொண்டிருக்கும்.