பாம்புக்குப் பங்களா

நடுவர் அவர்களுக்கும், மும்பை மாட்டுங்கா வரை டிராஃபிக்கில் ஊர்ந்து வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை விற்பதா, செப்பனிடுவதா? நாங்கள் செப்பனிடுகிற கட்சி. சரி, தலைப்பு முடிந்தது.

எதிரணி அண்ணாச்சி என்ன சொன்னார்? "தாராவியில 180 சதுர அடியில கால் நீட்ட வழியில்ல, இவரு ஊர்ல பாம்புக்குப் பங்களா கட்டுதாரு." நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணாச்சி, நம் சந்தில் இருக்கும் பெருச்சாளி ஒரு மாதமாவது வாடகை தந்ததுண்டா? பாம்பு எவ்வளவோ மேல், ஆள் புழங்க ஆரம்பித்தால் நோட்டீஸ் இல்லாமலே காலி செய்துவிடும்.

அந்தப் பாம்பு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்து, பதினெட்டு வருஷமாகப் பூட்டியிருந்த வீட்டு வாசலில் நானும் தம்பியும் நிற்கிறோம். சாவி நுழைகிறது, திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டோம். மண்ணெண்ணெய் விட்டோம். தம்பி கல்லை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டான், பூட்டு அப்படியே இருக்கிறது, நிலை பெயர்ந்து கதவு உள்ளே விழுந்துவிட்டது! பக்கத்து வீட்டு ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஏல, மெதுவாத் தட்டக் கூடாதா? உள்ள ஆள் இருக்குல்லா." யாரு ஆச்சி? "நல்ல பாம்பு." அதற்குள் தம்பி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான். பாம்பு? அது புறவாசல் வழியாக எப்போதோ போய்விட்டது. இரண்டு பேரில் யார் அதிகம் பயந்தது என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.

விற்றுப் பங்கு போடலாமாம். பட்டா தாத்தா பேரில், வாரிசு பதினோரு பேர். என் பங்குக்கு மும்பையில் பாத்ரூம் கதவு வாங்கலாம். செப்பனிடவும் பதினோரு பேர் சம்மதம் வேண்டாமா என்று எதிரணி கேட்பதற்குள் அடுத்த கதைக்குப் போய்விடுகிறேன்.

முதலில் வந்த கொத்தனார் ஒன்றரை அடிச் சுண்ணாம்புக் காரைச் சுவர் மேல் சிமெண்டைப் பூசிவிட்டார். காரை ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஐப்பசி மழையில் பூச்சு அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. அப்புறம் ஒரு கிழவரைத் தேடிப் பிடித்தோம். சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி. தெருவே மணத்தது, எறும்புகள் குடும்பத்தோடு வந்தன.

வெள்ளையடிக்கிற அன்றைக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். திண்ணைச் சுவரில் ஒரு கறை. தாத்தா தினமும் தலை சாய்த்து உட்கார்ந்த இடம், நல்லெண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. மட்டையோடு வந்த கிழவரை அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். மெதுவாக உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, சுவரில் சாய்ந்தார். கறைக்கு நாலு விரல் கீழேதான் நின்றது அவர் தலை.

"எங்கய்யா என்னைய விட ஒசரம்லா" என்றார்.

மணி அடிக்க வேண்டாம் நடுவர் அவர்களே, உட்கார்ந்துவிட்டேன்.