ஸ்கேன் மாடல் ஏன் அந்தரத்துல தொங்குது?

அடுத்த கேள்வி. ஒருத்தர் மதுரைப் பக்கம் ஒரு கண்மாயை லைடார் ட்ரோன்ல, அதாவது லேசரால தூரம் அளக்கற ட்ரோன்ல, ஸ்கேன் பண்ணியிருக்காரு. அளந்த புள்ளிகள் இருக்கற எல்ஏஎஸ் ஃபைலை 3டி டைல்ஸா, அதாவது துண்டு துண்டா லோட் ஆகற 3டி மாடலா மாத்தி, சீசியம்ங்கற 3டி பூமி உருண்டை வியூவர்ல ஏத்தினா, கண்மாய் அப்படியே தரைக்கு மேல 90 மீட்டர்ல தொங்குதாம். கன்வெர்ட்டர்ல கோளாறான்னு கேக்குறாரு.

கன்வெர்ட்டர் மேல தப்பு இல்லைங்க. உயரத்தை எங்கேயிருந்து அளந்தோம்ங்கறதுலதான் சிக்கல். உங்க ஃபைல்ல இருக்கறது கடல்மட்டக் கணக்கு. சீசியம் எடுத்துக்கறது டபிள்யூஜிஎஸ் 84 எலிப்சாய்டுக்கு, அதாவது பூமிக்குப் பதிலா ஜிபிஎஸ் வச்சுக்கற வழவழப்பான கணித உருண்டைக்கு, மேல உள்ள உயரம். நம்ம ஊர்ல ஜியாய்டு, அதாவது ஈர்ப்பு விசைப்படி அமையற கடல்மட்டப் பரப்பு, அந்த எலிப்சாய்டுக்கு 80லேர்ந்து 100 மீட்டர் கீழ கிடக்கு. உலகத்துலயே ஜியாய்டோட பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெக்கே கடல்ல இருக்கு, அதோட சரிவுலதான் நாம உக்காந்திருக்கோம். ஐரோப்பாக்காரங்க டுடோரியலைப் பார்த்துச் செஞ்சா இந்த எண் பிடிபடாது. அங்கே வித்தியாசம் இதைவிடக் கம்மி, அதுவும் எதிர்ப்பக்கம்.

உங்க ஃபைல் எந்தக் கணக்குன்னு முதல்ல பாருங்க. சென்னைக் கடற்கரையில எடுத்த ஸ்கேன்ல தரையோட இசட், அதாவது உயர எண், 5, 6ன்னு இருந்தா கடல்மட்டம். மைனஸ் 80, 90ன்னு இருந்தா ஏற்கெனவே எலிப்சாய்டு, அதைத் தொடாதீங்க. தொட்டா மாடல் பூமிக்குள்ள போயிடும்.

கடல்மட்டம்னா, டைல் போடறதுக்கு முன்னாடியே பிடால்ங்கற புள்ளி ஃபைல் மாத்தற டூல்ல மாத்திடுங்க. ஆயத்தொலைவு முறைகளுக்கு இபிஎஸ்ஜின்னு எண்கள் உண்டு. உள்ளே வர்றது 32644 கூட்டல் 5773, அதாவது யூடிஎம்ங்கற வரைபட முறையோட 44ஆவது ஜோன் (பட்டை) வடக்கு, கூடவே இஜிஎம் 96ங்கற ஜியாய்டு மாதிரிப்படி கடல்மட்ட உயரம். வெளியே போறது 4978, அதாவது பூமியோட மையத்துலேர்ந்து அளக்கற எக்ஸ், ஒய், இசட். ஸ்கேல், அதாவது எண்ணைச் சேமிக்கற படி, 0.001. ஆஃப்செட், அதாவது எண்ணுலேர்ந்து முன்னாடியே கழிச்சு வைக்கற அளவு, ஆட்டோ. ஆஃப்செட்டை விட்டீங்கன்னா 60 லட்சம் மீட்டர்ங்கற எண் 32 பிட் முழு எண்ணுக்குள்ள அடங்காது. இன்னொண்ணு, ஜியாய்டு உயர வித்தியாசங்கள் இருக்கற கிரிட் ஃபைல் உங்க மிஷின்ல இல்லைன்னா, பிடாலுக்குள்ள ஆயத்தொலைவை மாத்தற ப்ராஜ்ங்கற லைப்ரரி எரர் காட்டாம உயரத்தை அப்படியே விட்டுட்டுப் போயிடும். வேலை முடிஞ்சா மாதிரியே தெரியும். அதனால ஒரே ஒரு புள்ளியை மட்டும் மாத்திப் பார்த்து, உயரம் நகர்ந்துச்சான்னு பாருங்க. அப்புறம் 3டி டைல்ஸ் உருவாக்கற பை3டிடைல்ஸ் டூல்ல கன்வெர்ட் கொடுங்க. ஃபைல் ஏற்கெனவே 4978ல இருக்கறதால அங்கே மறுபடி மாத்தச் சொல்ல வேண்டாம்.

ஜோன் விஷயத்துலயும் கவனமா இருங்க. 43ஆவது ஜோனையும் 44ஐயும் பிரிக்கற 78 டிகிரி தீர்க்கக்கோடு திண்டுக்கல்லை ஒட்டிப் போகுது. கோயம்புத்தூர் 43, மதுரை, சேலம், சென்னை எல்லாம் 44. மதுரை ஸ்கேனுக்கு 32643ன்னு (ஜோன் 43) கொடுத்தா கண்மாய் லட்சத்தீவுப் பக்கம் கடல்ல போய் மிதக்கும்.

ஏத்தினப்புறம் புள்ளிகள் கிட்டத்துல நடுங்குதுன்னா, டைலுக்குள்ள முழு ஆயத்தொலைவையும் 32 பிட் ஃப்ளோட்டா (தசம எண்ணா) எழுதியிருக்குன்னு அர்த்தம். 60 லட்சத்துக்கிட்ட அந்த ஃப்ளோட்டு அரை மீட்டர் படியாத்தான் நகரும். ஒவ்வொரு டைலுக்கும் ஒரு மையம் வச்சு அதுலேர்ந்து தூரத்தை எழுதற கன்வெர்ட்டர்தான் சரி. எல்லாம் கறுப்பா வந்தா, 16 பிட் கலர் இடத்துல 255 வரைக்கும்தான் எழுதியிருக்கு, 256ஆல பெருக்கிடுங்க. பறவை, தூசின்னு மேல தனியா நிக்கற புள்ளிகளை அவுட்லையர் ஃபில்டர் போட்டுக் கழிச்சிடுங்க. ஒரே ஒரு புள்ளி 400 மீட்டர்ல நின்னாலும் டைலோட எல்லைப் பெட்டி அது வரைக்கும் நீளும்.

கடைசியா, டைல்களோட பட்டியல் இருக்கற டைல்செட் ஜேசன் ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்கப் பார்க்காதீங்க. ஒரு சின்ன லோக்கல் சர்வர் ஓட்டி, அதுல கார்ஸ் அனுமதி, அதாவது வேற முகவரியில இருக்கற வெப் பேஜும் ஃபைலை எடுக்கலாம்ங்கற அனுமதி, கொடுத்துப் பாருங்க.