ஏ பக்கம், பி பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். இசைத்தட்டுகளைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது, 'எத்தனை நிமிடம்?' என்றுதான் முதலில் கேட்டேன். பதினைந்து என்றார்கள். நான் சீக்கிரம் முடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். 'அதப் பத்திக் கவலைப்படாதீங்க சார், ஒரு பாட்டப் போட்டு நிரப்பிடுவோம்' என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

நான் இசை படித்தவன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் பணம் எண்ணியவன். கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அதிலும் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஓர் ஆல்பத்தை எடுத்தால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாற்றாமல், நடுவில் எழுந்து போகாமல் கேட்க வேண்டும். ஜாஸோ ராக்கோ இந்துஸ்தானியோ, எதுவானாலும் இதே பிடிவாதம்தான். வீட்டில் இதற்கு 'அப்பா பூஜையில இருக்கார்' என்று பெயர்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாக ஒன்றிரண்டு கிருதி பாடி, நடுவில் ஒரு ராகத்தை விஸ்தாரமாக எடுத்து, தனி ஆவர்த்தனம் விட்டு, அப்புறம் துக்கடா, மங்களம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த முறை என்பார்கள். மங்களத்தை நடுவில் பாடி, வர்ணத்தைக் கடைசியில் வைத்தால் சபாவில் உட்கார்ந்திருப்பீர்களா? கைபேசியில் 'ஷஃபிள்' பொத்தானை அமுக்கும்போது நாம் செய்வது அதுதான். சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி கலைத்துவிட்டு, 'அந்தப் பாட்டு சுமார், இந்தப் பாட்டு தேவலை' என்று தீர்ப்பு வேறு சொல்கிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

1984-இல் திருச்சியில் வேலை பார்த்தேன். கூட வேலை செய்த நண்பரின் அண்ணன் கப்பலில் எஞ்சினியர். விடுமுறைக்கு வரும்போது நான்கைந்து எல்.பி. தட்டு கொண்டு வருவார். எதைக் கொண்டுவருவார் என்பதற்குக் கணக்கே கிடையாது. துறைமுகத்துப் பக்கம் எது கிடைத்ததோ அது. அப்படித்தான் ஜாஸும் ராக்கும் ஒரே பையில் எங்களிடம் வந்து சேர்ந்தன. என்னிடம் ரெக்கார்டு பிளேயர் இல்லை. தட்டை இரண்டு நாள் இரவல் வாங்கி, மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, 60 நிமிட கேசட்டில் பதிந்துகொள்வேன். கடைக்காரர் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே.

முதலில் பதிந்தது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. 1959-இல், நியூயார்க்கில், இரண்டே நாளில் பதிவான ஜாஸ் ஆல்பம். ஏ பக்கத்தில் மூன்று உருப்படி. மூன்றாவது, 'புளூ இன் கிரீன்', ஐந்தரை நிமிடம். மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி பியானோ சொட்டிச் சொட்டி நின்றுபோகும். ராத்திரி பத்தரை மணி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பியானோ நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. அப்புறம் தடதடவென்று தவில், நாயனம், கூடவே ஜானகியம்மாவின் குரலில் ஒரு கல்யாண வீட்டு சினிமாப் பாட்டு. தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். 'அஞ்சு நிமிசம் காலியாக் கெடந்துச்சு சார். டேப்பு வீணாப் போகுதேன்னு ஒரு பாட்டப் போட்டு நிரப்பினேன். அதுக்குக் காசு வேணாம்' என்றார், தர்மம் செய்தவரின் முகத்தோடு. நிலையத்தார் சொன்னதற்கு ஏன் சிரித்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். நாற்பது வருடமாகிவிட்டது. இன்றைக்கும் 'புளூ இன் கிரீன்' முடிந்தால் என் காது நாயனத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறது.

அந்த கேசட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஆர்மோனியம் ஒன்று உண்டு. பஜனைக்கு வாசித்தது. அக்கா பாட்டுக் கற்றுக்கொண்டபோது அதில்தான் சுருதி. 'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் உருப்படி 'சோ வாட்'. அதில் பாஸ் என்ற கீழ்ச்சுர வாத்தியம் ஏதோ கேட்கும், மற்ற வாத்தியங்கள் இரண்டே சுரத்தில் 'சரி-தான்' என்று பதில் சொல்லும். நம் காதுக்கு அது கரகரப்பிரியா ராகம். ஏதோ சாயல் என்று சொல்லவில்லை, சுரங்களே அவைதான். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாம் சொல்லும் அளவு. இரண்டு கட்டை சுருதியில் வாசித்துக்கொண்டே போய், கொஞ்ச நேரம் இரண்டரைக் கட்டைக்கு ஏறிவிட்டு, மறுபடி இரண்டுக்கு இறங்குவார்கள். உருப்படி முழுக்க இந்த ஏற்றமும் இறக்கமும்தான்.

நாமும் கூட வாசித்துப் பார்ப்போமே என்று ஆர்மோனியத்தை எடுத்தேன். சேரவில்லை. இரண்டு கட்டையில் வைத்தால் கேசட் மேலே நிற்கிறது. இரண்டரையில் வைத்தால் கேசட் கீழே நிற்கிறது. டேப் ரெக்கார்டரைக் குறை சொன்னேன். ரிப்பேர்காரர் பெல்ட்டை மாற்றினார், ஹெட்டைத் துடைத்தார், மோட்டாரைத் திருகினார், அப்படியும் சேரவில்லை. விசித்திரம் என்னவென்றால், கேசட்டைத் திருப்பிப் பி பக்கம் போட்டால் 'ஆல் புளூஸ்' ஐந்து கட்டையில் அட்சர சுத்தமாகச் சேருகிறது. ஒரே பெட்டி, ஒரே கேசட். ஒரு பக்கம் சேருகிறது, மறு பக்கம் மாட்டேன் என்கிறது. ஆர்மோனியத்துக்குத்தான் வயதாகிவிட்டது என்றாள் அக்கா.

உண்மை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஏ பக்கத்து மூன்று உருப்படிகளும் 1959 மார்ச் 2-ஆம் தேதி பதிவானவை. அன்றைக்கு ஸ்டுடியோவில் பதிவு செய்த கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். பி பக்கம் ஏப்ரல் 22-இல் பதிந்தது, அதில் பழுது இல்லை. 1992-இல்தான் சரியான வேகத்தில் மறுபடி வெளியிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே சுருதி ஏறிப்போன ஏ பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. இதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். தாத்தாவின் ஆர்மோனியத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

திருத்திய பதிப்பைப் பிறகு வாங்கினேன். சுருதி சேருகிறது. ஆனால் என் மனசில் இருக்கிற 'சோ வாட்' அதைவிட ஒரு மயிரிழை துடிப்பானது. எது சரி என்று கேட்டால் திருத்தியதுதான் சரி. எது வேண்டும் என்று கேட்டால் பழையதைத்தான் கேட்பேன்.

அடுத்தது 'த கோல்ன் கான்செர்ட்'. கீத் ஜாரெட் என்ற பியானோ கலைஞர், 1975 ஜனவரி 24-ஆம் தேதி, ஜெர்மனியில் கோல்ன் நகரத்து ஆபரா அரங்கில் தனியாக உட்கார்ந்து வாசித்தது. எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, எல்லாம் மனோதர்மம். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டெஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண். ஜாரெட் கேட்டிருந்தது பெரிய கச்சேரி பியானோ. மேடையில் இருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ. மேல் சுரங்கள் தகரம் தட்டுகிற மாதிரி. கீழ்ச் சுரங்களில் கனம் இல்லை. பெடல் சரியாக வேலை செய்யவில்லை. அவருக்கோ முதுகுவலி, சரியான தூக்கமும் இல்லை. மாட்டேன் என்று கிளம்பினவரை அந்தப் பெண்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தொடங்கினார்.

நன்றாகக் காது கொடுத்தால் ஆரம்பத்திலேயே ஜனங்கள் லேசாகச் சிரிப்பது கேட்கும். அரங்கில் நிகழ்ச்சி தொடங்கப் போகிறது என்று அடிக்கிற மணியின் சுரத்தையே எடுத்து அவர் ஆரம்பித்தாராம். மணிச் சத்தத்தை ஆலாபனைக்கு எடுப்பது! கீழ்ச் சுரம் ஒலிக்கவில்லையா, இடது கையால் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அடித்து அந்தக் குறையை மூடுகிறார். வாசித்துக்கொண்டே முனகுகிறார். சிலருக்கு அந்த முனகல் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். நம் வித்வான்கள் வாசிக்கும்போது வாய்க்குள் பாடிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இதையும் அதே கடையில்தான் கொடுத்தேன். 'எதையும் நிரப்பக் கூடாது' என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் நிரப்பவில்லை. ஆனால் இது இரட்டைத் தட்டு, மொத்தம் 66 நிமிடம். முதல் பாகம் 26 நிமிடம், அது ஏ பக்கத்தில் அடங்கிவிட்டது. இரண்டாம் பாகம் பி பக்கத்தில் போய்க்கொண்டே இருந்து, வேகம் பிடித்த ஓர் இடத்தில், 'டொக்'. டேப் தீர்ந்துவிட்டது.

பன்னிரண்டு வருடம், நேயர்களே, பன்னிரண்டு வருடம் அதுதான் முடிவு என்று நினைத்திருந்தேன். மேல்நாட்டில் இப்படித்தான் பட்டென்று முடிப்பார்கள், அது ஒரு புதுமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டேனா? நண்பர்களிடம் அந்த முடிவுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். 'முடிக்காமல் விடுவதுதான் முடிவு' என்று ஒருவரிடம் சொன்னது இன்னும் கூச்சமாக இருக்கிறது. தட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முன்பக்கப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

1996-இல் மச்சான் சிங்கப்பூரிலிருந்து சி.டி. வாங்கி வந்தார். போட்டேன். அந்த 'டொக்' வருகிற இடம் வந்தது. நின்றுவிடும் என்று காத்திருக்கிறேன், நிற்கவில்லை. மேலே மூன்று நிமிடம் போய் அந்தப் பகுதி முடிந்தது. அப்புறம் நான் கேட்டே இராத ஒரு பகுதி, ஏழு நிமிடம். அவ்வளவு நேரம் பியானோவோடு மல்லுக்கட்டியவர் இப்போது அதோடு சமாதானமாகிவிட்ட மாதிரி ஒரு மெட்டு. பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் அழுதுவிட்டேன். பெரிய ரசிகர்கள் முதல் பாகத்தைத்தான் சொல்வார்கள். நான் இந்தக் கடைசி ஏழு நிமிடத்தைச் சொல்வேன். பன்னிரண்டு வருடம் கிடைக்காமல் போனதால் வந்த பாசமாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. கடைக்காரரைப் பார்த்துக் கேட்கலாம் என்று திருச்சிக்குப் போனால், அந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை இருந்தது.

வரிசை, வரிசை என்று நான் அடித்துக்கொள்வதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 'கால் ஆஃப் த வேலி', 1967. சந்தூர் என்ற தந்தி வாத்தியத்தில் சிவகுமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, கிதாரில் பிரிஜ்பூஷண் காப்ரா. காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள்தான் ஆல்பம். விடியலுக்கு அஹீர் பைரவ், பொழுது சாயச் சாய வேறு ராகங்கள், ராத்திரிக்குத் தேஷ், கடைசியில் பஹாடி. இதைக் கலைத்துப் போட்டால் அந்த இடையன் ராத்திரி தூங்கி எழுந்து சாயங்காலத்துக்குள் விழிப்பான். ஒருமுறை என் பேரன் அப்படித்தான் போட்டான். 'தாத்தா, பாட்டு நல்லாத்தானே இருக்கு?' என்றான். நல்லாத்தான் இருந்தது, அதுதான் எனக்கு வருத்தம்.

ராக் பக்கம் ஒன்றே ஒன்று. பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', 1973. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிற ஆல்பம். அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஆல்பங்களின் பில்போர்டு பட்டியலில் 1988-க்குள் 741 வாரம் இருந்தது. அதில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு 'மணி'. பி பக்கத்தின் முதல் பாட்டு. காசு கலகலக்கிற சத்தம், காகிதம் கிழிகிற சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம், எல்லாவற்றையும் டேப்பில் அளந்து வெட்டி ஒட்டி ஒரு தாளமாக்கியிருப்பார்கள். தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு எண்ணிக்கை, நம் மிச்ர சாபு. நடுவில் கிதார் தனியாக எழும்பும்போது மட்டும் நாலு நாலாக மாறிவிட்டு, பிறகு ஏழுக்குத் திரும்பும். காசு எண்ணியே பிழைத்தவனுக்கு இந்தப் பாட்டுத்தான் உயிராக இருக்க வேண்டும் என்று நண்பர்கள் நினைப்பார்கள். எனக்கு அந்த ஆல்பத்திலேயே இதுதான் கடைசி இடம். காசுச் சத்தத்தைப் பகல் முழுக்கக் கேட்டவன் ராத்திரியும் கேட்பானா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். வெற்றி என்று சொல்கிறாரோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். இரண்டு நிமிடமாம். நான் பேச வந்ததே அடுத்த ஆல்பத்தைப் பற்றித்தான். தாளில் மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', 1986. சினிமாவுக்காக இல்லாமல் தனியாகச் செய்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசை மேதை பாக்குக்கும் காணிக்கை என்று அதில் போட்டிருக்கும். வயலின் வி.எஸ். நரசிம்மன். தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே ஒரு கதை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்', என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன் என்று ஒன்று. அதற்கு அடுத்தது 'அண்ட் வீ ஹேட் எ டாக்', அப்புறம் நாங்கள் பேசினோம். முதலாவதில் பாக்கின் வயலின் மெட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்க, நம் ஆள் உள்ளே நுழைவார். அந்த நுழைகிற இடத்தைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். கலைத்துப் போட்டால் பேச்சு முதலில் வரும், சந்திப்பு அப்புறம் வரும்.

ஒரு விரல் காட்டிவிட்டார். நுழைகிற இடத்தை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி போடுங்கள், அந்த இரண்டையும் மட்டுமாவது அடுத்தடுத்துக் கேளுங்கள். நிலையத்தார் நிரப்புவதற்கு ஒரு பாட்டு எடுத்து வைத்திருந்தார்களாம். அதற்கு நான் இடம் வைக்கவில்லை. வணக்கம்.